ஏடிஎக்ஸ் ஏறினா வாங்கலாமா? டிரெண்டோட பலத்தை எப்படிப் பார்க்கிறது

எங்க ஊர் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டைக்குப் பக்கம். கரிசல் பூமி. ஆடி மாசம் காத்து அடிச்சா புழுதியில கண்ணைத் திறக்க முடியாது. அந்தக் காத்தை வச்சே ஏடிஎக்ஸைப் புரிஞ்சுக்கலாம். காத்து எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு ஏடிஎக்ஸ் சொல்லும். எந்தத் திசையில அடிக்குதுன்னு சொல்லவே சொல்லாது.

இது தெரியாமத்தான் 2020 மார்ச்ல மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஜனவரியில 12,400-ஐத் தாண்டின நிஃப்டி, மார்ச் 16 அன்னிக்கு 9,200 பக்கம் வந்துடுச்சு. சார்ட்ல ஏடிஎக்ஸ் கோடு மட்டும் ஜம்முனு ஏறிக்கிட்டே இருந்தது. 'டிரெண்ட் பலமா இருக்கு, வாங்கிடலாம்'னு பாதிச் சம்பளத்துக்கு 9,500 கால் ஆப்ஷன் வாங்கினேன். டிரெண்ட் பலமாத்தான் இருந்தது, ஆனா கீழ் நோக்கி! மார்ச் 23 காலையில 10% விழுந்து சர்க்யூட் அடிச்சு, 45 நிமிஷம் சந்தையையே நிறுத்தி வச்சாங்க. திரும்பத் திறந்தும் விழுந்து, 13% இறக்கத்தோட 7,610-ல முடிஞ்சது. எக்ஸ்பைரி அன்னிக்கு என் ஆப்ஷனோட மதிப்பு பூஜ்யம். வீட்டுல இன்னும் சொல்லலை.

சரி, இது எப்படிக் கணக்காகுது? வெல்ஸ் வைல்டர்ங்கிற அமெரிக்கர் 1978-ல வெளியிட்ட புத்தகத்துல வந்தது இது. ஆர்எஸ்ஐயும் அதே புத்தகம்தான்.

நேத்து ஒரு பங்கோட உச்சம் 200, தாழ்வு 194. இன்னிக்கு உச்சம் 206, தாழ்வு 197. நேத்து உச்சத்தை விட 6 ரூபாய் மேல போயிருக்கு, தாழ்வை உடைக்கலை. இந்த 6 ஏத்தக் கணக்குல சேரும். தாழ்வை உடைச்சா இறக்கக் கணக்கு. ரெண்டும் நடந்தா எது பெருசோ அது மட்டும். இதை 14 நாளுக்குச் சராசரியாக்கி, பங்கோட தினசரி ஆட்டத்தால வகுத்தா ரெண்டு கோடு கிடைக்கும்: +டிஐ, -டிஐ.

இப்போ +டிஐ 30, -டிஐ 10-ன்னு வைங்க. வித்தியாசம் 20, கூட்டினா 40. சதவீதம் 50. அப்படியே மாத்தி +டிஐ 10, -டிஐ 30 வச்சாலும் அதே 50-தான்! கழிக்கும்போது மைனஸ் குறியை எடுத்துடுறாங்க, திசை அங்கேயே தொலைஞ்சு போகுது. இந்த 50 மாதிரி தினமும் வர்ற எண்ணுக்கு மறுபடி 14 நாள் சராசரி எடுத்தா ஏடிஎக்ஸ். 20-க்குக் கீழ இருந்தா டிரெண்ட் இல்லை, 25-க்கு மேல போனா இருக்குன்னு பொதுவா எடுத்துக்குவாங்க.

ரெண்டு தடவை சராசரி எடுக்கிறதால தாமதம் இருக்கு. இங்கதான் இன்னொரு குழப்பம். மார்ச் 24-ல 7,511 வரை போன நிஃப்டி, ஏப்ரல் கடைசியில 9,860 பக்கம் வந்துடுச்சு. ஆனா இப்படி ஏற ஆரம்பிக்கும்போது ஏடிஎக்ஸ் முதல்ல இறங்கும். ஏன்னா, மேல இருந்த -டிஐ இறங்க, கீழ இருந்த +டிஐ ஏற, ரெண்டும் நெருங்கும். வித்தியாசம் குறையும். பழைய இறக்கம் பலம் இழக்குதுன்னுதான் அதுக்கு அர்த்தம், விலை விழப்போகுதுன்னு இல்லை.

நான் இப்போ முதல்ல பார்க்கிறது எந்த டிஐ மேல இருக்குன்னுதான். அப்புறம்தான் ஏடிஎக்ஸ். அதுவும் ஆபீஸ் முடிஞ்சு, டெய்லி சார்ட்ல மட்டும். 20-க்குக் கீழ இருந்தா ஆப்பை மூடிட்டுத் தூங்கப் போயிடுவேன். மூவிங் ஆவரேஜ் கிராஸ்ஓவரை நம்பி அதிகமா அடி வாங்குறது அந்த நேரத்துலதான்.

ஆப்ஷன் பக்கம் போறதே இல்லை. 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ செஞ்ச தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டம்னு செபியே கணக்கு சொல்லியிருக்கு. சராசரியா ஆளுக்கு 2 லட்சம். நம்ம சம்பளத்துல அது எத்தனை மாசம்னு நீங்களே பாருங்க.

இன்னிக்கு ஒரு வேலை செய்யுங்க. நிஃப்டி டெய்லி சார்ட்ல 2020 ஜனவரி முதல் ஜூன் வரை எடுத்து, ஏடிஎக்ஸ் 14 போட்டு, மூணு கோடும் தெரியிற மாதிரி வைங்க. மார்ச் 16-ல எந்தக் கோடு மேல இருந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.