பாகம் பிரிந்த பின்னர்: பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும்

பாகம் பிரித்துக்கொண்ட உடன்பிறந்தார் இருவர் நடுவே சுவர் எழுப்பிக்கொள்வர், அடுக்களையும் வேறாகும். ஆயினும் கிணறும் களமும் வரப்பும் பொதுவாகவே நின்றுவிடும். நீரிறைக்கும் முறை யாது, வரப்பைக் கட்டுவார் யார் என்று அவர்கள் மறுபடியும் பேசத்தான் வேண்டும். முன்னே திண்ணையில் அமர்ந்து வாய்ச்சொல்லால் முடித்ததை இப்பொழுது ஊரார் முன்னிலையில் எழுத்து மூலமாய் முடிப்பர். நாடுகளின் நிலையும் இத்தகையதே என்பது, 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகிய பிரிட்டன் அதன்பின் அவ்வொன்றியத்தோடு உறவைச் செப்பனிட்ட வரலாற்றால் விளங்கும். அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ஒன்றியம் தோன்றிய வகையை முதற்கண் சுருங்கக் கூறுவோம். இரண்டாம் உலகப் போரில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட நாட்டினர், படைக்கலஞ் செய்தற்கு வேண்டிய நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்தாற் போர் மறுபடியும் மூளாதென்று கருதி, 1951-இல் பாரிஸ் நகரத்தில் ஓர் உடன்படிக்கை செய்தனர். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் என்னும் ஆறும் அதிற் சேர்ந்தன. 1957-இல் ரோமாபுரி உடன்படிக்கையால் அது பொதுச்சந்தையாக விரிந்தது. பிரிட்டன் அப்பொழுது புறத்தே நின்று பார்த்தது. 1961-இல் அது விண்ணப்பஞ் செய்ய, பிரான்ஸின் தலைவர் டிகால் 1963-இல் ஒருமுறையும் 1967-இல் மறுமுறையும் கதவை அடைத்தார். 1973 ஜனவரி முதல் நாளிலேயே பிரிட்டனுக்கு உள்ளே இடங் கிடைத்தது. இத்துணைப் பாடுபட்டுப் புகுந்த வீட்டினின்றும் வெளியேறுமாறு 2016 ஜூன் 23-ஆம் நாள் மக்கள் வாக்களித்தனர். விலகல் வேண்டுமென்றார் நூற்றுக்கு 51.9, வேண்டாமென்றார் 48.1. எம் சட்டத்தை யாமே இயற்றுவோம் என்பதும், குடியேற வருவோரை யாமே வரையறுப்போம் என்பதும் விலக விரும்பினோரின் தலையாய வாதங்கள். 2020 ஜனவரி 31 இரவு விலகல் நிறைவேறிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்து, மீன்பிடிப் பூசல் காரணமாக 1985-இலேயே அக்கூட்டத்தை விட்டு நீங்கியதுண்டு. எனினும் தனியரசு ஒன்று நீங்கியது இதுவே முதன்முறை.

விலகலால் யாது நிகழ்ந்தது? 2020 டிசம்பரில் இரு சாராரும் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையின்படி, இருபாலும் விளைந்த சரக்கிற்குச் சுங்கவரி இல்லை. வரியில்லையேல் தடை யாது என்று படிப்போர் வினவலாம். தடை வரியில் இல்லை, சோதனையில் உளது. ஒன்றியத்திற்குள் இருந்தகாலை ஸ்காத்லாந்திற் பிடித்த மீன் பாரிஸ் அங்காடிக்குச் செல்ல யாதொரு சான்றிதழும் வேண்டியதில்லை; இரு நாட்டிலும் விதி ஒன்றே. விதி வேறாகக்கூடும் என்ற நிலை வந்தவுடன், இறைச்சிக்குக் கால்நடை மருத்துவர் கையொப்பமும், துறைமுகத்திற் பரிசோதனையும், காத்திருத்தலும் உடன்வந்தன. பெருவணிகர் ஆள் வைத்துத் தாள்களை நிரப்பினர். சிறுவணிகர் பலர் அக்கரை வாணிகத்தையே கைவிட்டனர்.

இச்சோதனை எங்கே நிகழ்வது என்னும் வினாவே யாவற்றினுங் கடியதாயிற்று. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே கடலேயன்றி நிலவெல்லை ஒன்றும் உண்டு. அயர்லாந்துத் தீவின் வடபகுதி பிரிட்டனைச் சார்ந்தது. ஏனைய பகுதி தனிக் குடியரசாய் ஒன்றியத்துள் இருப்பது. அவ்வெல்லையின் நீளம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அங்கே 30 ஆண்டளவு நிகழ்ந்த கலகத்தில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டினர் என்று உலகம் அவ்விரு சாராரையும் பெயரிட்டு வழங்கிற்று. மூலம் நிலத்தையும் ஆட்சியையும் பற்றியதேயெனினும், ஒரே நாமத்தைத் தரித்தோர் இங்ஙனம் பிரிந்து நின்றமை கிறிஸ்தவராகிய நமக்கு நாணந் தரத்தக்கது. 1998 ஏப்ரல் 10-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, சமாதான உடன்படிக்கை முடிவாயிற்று. எல்லையிலிருந்த காவற்கூடங்கள் படிப்படியே நீங்கின. ஒரு புறத்தில் வீடும் மறுபுறத்தில் வயலும் உடைய உழவர் தடையின்றிப் போக்குவரத்துச் செய்தனர்.

அவ்வெல்லையில் மறுபடியும் சுங்கச்சாவடி எழுப்புதல் ஆறிய புண்ணைக் கீறுதலை ஒக்கும். ஆதலின் வட அயர்லாந்து மட்டும் சரக்கைப் பொறுத்த அளவில் ஒன்றியத்தின் விதிகளையே தழுவுமென்றும், பிரிட்டனின் பெருந்தீவிலிருந்து அங்குச் செல்வன கடல்துறையிற் சோதிக்கப்படுமென்றும் முடிவு செய்தனர். இதனால் ஒரு புண் தப்பிற்று, மற்றொன்று தோன்றிற்று. பிரிட்டனோடு இணைந்திருத்தலே தம் உயிரென்று கருதிய கட்சியினர், தம்மைத் தம் நாட்டினின்றே கடலால் வேலியிட்டுப் பிரித்தனர் என்று வெகுண்டு, 2022 பிப்ரவரி முதல் ஈராண்டு கூட்டாட்சியில் அமர மறுத்தனர். லண்டன் அரசினரோ, தாம் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் பகுதிகளைத் தாமே ஒதுக்கிவைக்கும் மசோதாவைப் பார்லிமெண்டிற் கொணர்ந்தனர். எம் கருத்தில், விலகலைக் காட்டிலும் இச்செயலே உறவை மிகக் கெடுத்தது. பிரிந்தானை மன்னித்தல் எளிது. எழுதிக் கொடுத்த ஓலையின் மை உலருமுன் மறுப்பானை நம்புதல் எளிதன்று.

2023 பிப்ரவரி 27-ஆம் நாள் விண்ட்ஸர் நகரில், அப்போதைய முதன்மந்திரி ரிஷி சுனாக்கும் ஒன்றியத்தின் ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயனும் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தனர். அதன் நுட்பம் மிக எளியது. வட அயர்லாந்திலேயே நுகரப்படும் சரக்கிற்குப் பச்சைவழி; அப்பாற் குடியரசுக்குட் செல்லக்கூடியதற்குச் செவ்வழி. பச்சைவழியிற் சோதனையும் தாள்களும் பெரிதுங் குறைந்தன. அவ்வழிச் செல்லும் இறைச்சி முதலியவற்றின் உறையில், ஒன்றியத்துக்கு உரியதன்று என்னும் பொறிப்பு இடம்பெற்றது. மசோதாவும் கைவிடப்பட்டது. இவ்வொரு முடிச்சு அவிழ்ந்தமையால் மற்றொன்றும் அவிழ்ந்தது. இப்பூசலால் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ‘ஹொரைஸன்’ என்னும் பெரும் ஆராய்ச்சித் திட்டத்திற் பிரிட்டன் 2024 ஜனவரி முதற் சேர்ந்து, அதன் விஞ்ஞானிகள் பழைய தோழரோடு மறுபடியும் ஒரு பந்தியில் அமர்ந்தனர்.

2024 ஜூலையில் ஆட்சியேற்ற தொழிற்கட்சியினர், ஒன்றியத்திலும், பொதுச்சந்தையிலும், சுங்கக் கூட்டிலும் மறுபடி சேரோம், தடையற்ற குடிப்பெயர்ச்சியையும் ஏலோம் என்று முன்னரே வரம்பு கட்டிக்கொண்டனர். அவ்வரம்புக்குள் யாது செய்யக்கூடுமோ அது 2025 மே 19-ஆம் நாள் லண்டனிற் கூடிய மாநாட்டில் ஆராயப்பட்டது. பாதுகாப்பில் துணை நிற்பதென்று அன்றே ஒப்பினர். ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் மீன்பிடிக்கும் உரிமை 2038 ஜூன் 30 வரை நீட்டப்பட்டது. மீன்தொழில் பிரிட்டனின் மொத்த வருவாயில் நூற்றிலொரு பங்கினும் மிகக் குறைவு. ஆயினும் கடற்கரை ஊர்களிற் பெருங்குரல் எழுந்தது. தம் நீரில் அயலார் வலை வீசுவதைக் காணும் மீனவனுக்கு விழுக்காட்டுக் கணக்கு ஆறுதலாகாது.

அம்மாநாட்டில் நாம் ஊன்றிப் பார்க்கத்தக்கது உணவு, கால்நடை, பயிர் ஆகியவை பற்றிய இணக்கமே. இவற்றின் சோதனையைப் பெரும்பாலும் நீக்கும் ஓர் உடன்படிக்கையை நோக்கி முயல்வதென்று இருவரும் ஒப்பினர். அதற்குரிய விலையை ஒரே சொற்றொடர் சுட்டுகின்றது: ‘இயங்கும் இணக்கம்’. இலக்கணம் பயிலும் மாணாக்கர் அவ்வடைமொழியை நோக்குக. பொருளின் சுமை முழுவதையும் அதுவே தாங்குகின்றது. இன்றுள்ள விதிக்கு இணங்குதல் ஒன்று. நாளை ஒன்றியம் விதியை மாற்றினால் அதற்கும், மறுநாள் மாற்றினால் அதற்கும் தொடர்ந்து இணங்குதல் வேறொன்று. இங்கே குறிக்கப்பட்டது பின்னையதே. விதியை வகுக்குங்கால் பிரிட்டனின் கருத்துக் கேட்கப்படும், வாக்குரிமை இராது. ஒன்றியத்தின் சட்டத்திற்கு இறுதிப் பொருள் கூறும் அதிகாரமும் அவ்வொன்றியத்தின் நீதிமன்றத்துக்கே உரித்தாகும்.

எம் சட்டத்தை யாமே இயற்றுவோம் என்று புறப்பட்டவர், பிறர் இயற்றியதை வாக்கின்றி ஏற்பதோ என்று எதிர்க்கட்சியினர் வினவினர். வினா நேரியதே. நார்வே நாடு 1994 முதல் இவ்வண்ணமே, ஒன்றியத்திற் சேராமல் அதன் சந்தை விதிகளைத் தழுவி வாழ்கின்றது. அஃது இழிவென்று அந்நாட்டார் அனைவரும் கருதினாரல்லர். எனினும் அவர்கள் ஒருபோதும் வாக்குடையராய் இருந்து இழந்தாரல்லர். பிரிட்டனோ 47 ஆண்டு அம்மேசையில் அமர்ந்து விதி வகுத்தது. தன் கையாற் கட்டிய கிணற்றுக்குப் பிறர் சொல்லும் முறைப்படி குடமெடுத்துச் செல்லுதல் மனத்துக்கு உவப்பாகாது. ஆனால் பிரிட்டனின் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அவ்வொன்றியத்துக்கே சென்றது. நீர் வேண்டுமாயின் வேறு கிணறும் அருகில் இல்லை.

நட்புமொழி பேசிய அளவில் எல்லாம் எய்திவிடவில்லை. படைக்கலம் வாங்குதற்கு ஒன்றியம் வகுத்த 15,000 கோடி யூரோக் கடன் திட்டத்திற் பங்குபெறப் பிரிட்டன் பேசிற்று. செலுத்த வேண்டிய தொகையில் இணக்கமின்றி 2025 நவம்பரில் அப்பேச்சு முறிந்தது. சில நாட்களுக்குள், அத்திலாந்திக் மாகடலுக்கு அப்பாலுள்ள கனடா அத்திட்டத்திற்கு இசைந்து முடித்தது!

மாணாக்கராகிய நம் நெஞ்சுக்கு அணித்தான செய்தி அடுத்த மாதமே வந்தது. ‘இராஸ்மஸ்’ என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987-இல் தொடங்கியது. அப்பெயரையுடைய ஹாலந்துப் பேரறிஞர் ஆங்கில நாட்டிற் கேம்பிரிட்ஜிலும் தங்கிக் கற்பித்தவர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-இல் அச்சிற் கொணர்ந்தவரும் அவரே. விலகலோடு பிரிட்டன் இத்திட்டத்தையும் நீத்து, 2021-இல் வேறொன்று வகுத்தது. அது தன் மாணவரை வெளியே அனுப்பப் பொருள் தந்ததன்றி, அயல்நாட்டு மாணவரை வரவேற்கத் தரவில்லை. 2027-இல் இராஸ்மஸ் திட்டத்திற் பிரிட்டன் மீண்டுஞ் சேருமென்று 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அக்கல்வியாண்டிற்குச் செலுத்துந் தொகை ஏறத்தாழ 57 கோடிப் பவுன். அவ்விணக்கம் அவ்வோராண்டிற்கே, 2028-இல் தொடங்கும் அடுத்த திட்டத்திற்கு வேறாகப் பேசி முடித்தல் வேண்டும்.