புதைபடிவ ஓடுகள்: துலக்குவதா, விட்டுவைப்பதா?

குஜராத்தின் கச்சுப் பகுதியில் ஜுராசிக் காலத்துக் கடலுயிர்களின் ஓடுகளும், தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில் கிரெட்டேசியஸ் காலத்து ஓடுகளும் பாறைகளில் மிகுதியாகக் கிடைக்கின்றன. 1851-இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, 19-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டது. இவை ஒருமுறை சிதைந்தால் மீண்டும் பெற இயலாத செல்வமாகும். ஆகவே, கிடைத்த மாதிரியைத் துலக்குவதா, அப்படியே விட்டுவைப்பதா என்பதை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

அம்மோனைட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் இனத்தை அறிய, உள்ளறைகளின் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொடும் வளைகோடுகள் பெரிதும் உதவுகின்றன. மேலோடு எஞ்சியிருப்பின், அதை நீக்கினால்தான் அக்கோடுகள் புலப்படும். ஆனால், நீக்கினால் மேற்பரப்பின் நுண்ணிய வளர்ச்சி வரிகள் மறையும். மாற்றமடையாத ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு பண்டைய கடலின் வெப்பநிலையை மதிப்பிடும் வாய்ப்பும் குறையும். சூழ்ந்துள்ள பாறையும் வீண்பொருளன்று. அதிலுள்ள நுண்ணுயிர்ப் படிவங்கள் அடுக்கின் காலத்தைக் காட்டக்கூடும்.

துலக்கும் முறையும் பொருளுக்கேற்ப அமைய வேண்டும். அசெட்டிக் அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும். ஓடும் கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் அதையும் கரைத்துவிடும். ஓட்டின் இடத்தைச் சிலிக்கா நிரப்பியுள்ளவை போன்ற, அமிலத்தில் கரையாத மாதிரிகளுக்கே அம்முறை பொருந்தும். ஏனையவற்றுக்கு ஊசியும் சிற்றுளியும் ஏற்றவை.

விட்டுவைப்பது வாளாவிருப்பது ஆகாது. இரும்புக் கந்தகமான பைரைட்டு கலந்த மாதிரி, ஈரக் காற்றில் தானே சிதையும். அதனை உலர்ந்த சூழலில் வைத்தல் வேண்டும். உதிரும் ஓட்டை வலுப்படுத்த, பின்னர் அசெட்டோனில் கரைத்து நீக்கத்தக்க அக்ரிலிக் பிசினே உகந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பாறையடுக்கே வெட்டி எடுக்கப்படுவதால், அங்கு உடனே சேகரிப்பதே முதற்கடமை. துலக்குதல் பின்னர் நடைபெறலாம்.

எம்முடிவாயினும், கிடைத்த இடம், அடுக்கு, அளவுகள், நிழற்படம் ஆகியவற்றை முதலில் பதிவு செய்தல் இன்றியமையாதது. ஒரே வகையில் பல மாதிரிகள் இருப்பின், சிலவற்றைத் துலக்கி மற்றவற்றை விட்டுவைக்கலாம். ஒன்றே இருப்பின், எக்கேள்விக்கு விடை காண அதில் கைவைக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஊடுகதிர்க் கணினி வரைவு போன்ற முறைகள், இன்று சில மாதிரிகளின் உட்புறத்தை உடைக்காமலே காட்டுகின்றன. முன்னர் பொறுத்திருந்து காத்தவர்களாலேயே அம்மாதிரிகள் முழுமையாக இன்றைய ஆய்வாளருக்குக் கிட்டியுள்ளன.