நீச்சற்குள நீரும் சிறுவர் பற்களும்

நீச்சற்குள நீரால் பல் கெடுகிறதென்றால் குளோரினையே குறைகூறுவர். உண்மையில் எனாமலை அரிப்பது அமிலமே. குளோரின் வாயு நீரிற் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலத்துடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. பின்னதைச் சலவைச் சோடாவிட்டு முறிக்காவிடில் நீர் புளித்துக்கொண்டே போகும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், போட்டிக்கெனப் பயின்ற நீச்சல் வீரர் பலருக்கு எனாமல் அரிக்கப்பட்டிருந்தமை 1983-இல் அறிவிக்கப்பட்டது. அக்குளத்து நீரின் பி.எச். 2.7, ஏறத்தாழ எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு! பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். கரைந்தது மீண்டும் வளராது.

நாள்தோறும் நீந்தும் மாணவர் பற்கூச்சமோ சொரசொரப்போ உண்டெனக் கூறின், ஆசிரியர் குளத்து நீரைப் பினால் ரெட் கரைசலால் சோதித்தல் வேண்டும். தெளிவு கண்டு ஏமாறலாகாது. பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருத்தல் நலம். நிறம் மஞ்சளாயின், நீர் சீராகும்வரை சிறுவரைக் குளத்தில் இறக்கலாகாது.