சிதலும் ஈயலும்: கறையான் சமூக வாழ்வு குறித்த தமிழ்ச் சொற்பதிவும் விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஈசல் பிடிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கறையானும் ஈசலும் ஒரே புற்றில் ஒரே பெற்றோர்க்குப் பிறப்பவை. எனினும் தமிழ் இவ்விரண்டையும் சிதல், ஈயல் என வெவ்வேறு பெயர்களால் வழங்கி வந்துள்ளது. இப்பெயர் வேறுபாடு, உடலமைப்பாலும் புலனறிவாலும் தொழிலாலும் அமைந்த வேறுபாட்டோடு பொருந்துவதை இக்கட்டுரை தொல்காப்பியம், சங்க இலக்கியம், 18-ஆம் நூற்றாண்டுப் பதிவுகள், வட்டார வழக்கு ஆகியவற்றின் துணையுடன் நிறுவுகிறது. புற்றின் வாழ்வைக் கொண்டு மனிதச் சாதியமைப்பை விளக்க முற்படுவதன் பிழையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிதல், ஈயல், குரும்பி, மூவறிவு, இருளர், சமூக உயிரியல்

முன்னுரை

விலங்குகளும் மனிதரும் கூடிவாழும் முறைகளை உயிரியல் நோக்கில் ஆராயும் துறை சமூக உயிரியல் எனப்படும். எட்வர்டு வில்சன் 1971-இல் பூச்சிச் சமூகங்கள் பற்றியும் 1975-இல் சமூக உயிரியல் பற்றியும் வெளியிட்ட பெருநூல்கள் இத்துறைக்குத் தனியிடம் தேடித்தந்தன. எறும்பு, தேனீ, குளவி, கறையான் ஆகியவை இத்துறையின் அடிப்படைச் சான்றுகளாக விளங்குகின்றன. இவற்றுள் கறையான் தமிழ்நிலத்தின் செம்மண் காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் புற்றெழுப்பி வாழ்வது. தமிழ் இலக்கியத்திலும் உணவு வழக்கிலும் தொன்றுதொட்டு இடம்பெறுவது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மழைக்குப்பின் ஈசல் பிடித்து உண்ணும் வழக்கம், இருளர் உள்ளிட்ட எளிய மக்களிடையே இன்றும் உண்டு. இவ்வழக்கத்தை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது பொருந்துமா, அதனுள் ஓர் உயிரியல் அறிவு செயல்படுகிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. புற்றின் குடியமைப்பு

தென்னிந்தியாவில் பெரும்புற்று எழுப்புவன பெரும்பாலும் ஓடோன்டோடெர்மெசு இனத்தைச் சேர்ந்த கறையான்கள். ஒரு புற்றில் அரசி, அரசன், வேலைக்கறையான், காவற்கறையான், சிறகுடைய ஈசல் என்னும் பிரிவுகள் உள்ளன. வேலைக்கறையான்கள் மட்கிய இலைதழைகளையும் மரத்துண்டுகளையும் உண்டு, புற்றினுள் பூஞ்சைத் தோட்டம் அமைக்கின்றன. கடற்பஞ்சு போன்ற அந்த அடைகளில் வளரும் பூஞ்சையே குடியின் உணவுக்கு ஆதாரம். தமிழ் இதனைப் 'புற்றாஞ்சோறு' என்கிறது. புற்று என்பது உறைவிடம் மட்டுமன்று, உணவு விளையும் இடமும் ஆகும் என்னும் புரிதல் இச்சொல்லில் உள்ளது.

தேனீக்களிலும் எறும்புகளிலும் வேலை செய்வன அனைத்தும் பெண்களே. கறையானில் ஆணும் பெண்ணும் வேலைசெய்கின்றன. அரசனும் அரசியுடன் இறுதிவரை உடனுறைகிறது. தன் இனப்பெருக்கத்தைத் துறந்து உறவினரைப் பேணும் இயல்பினை வில்லியம் ஹாமில்டன் 1964-இல் உறவுமுறை நெருக்கத்தால் விளக்கினார். தேனீ, எறும்பு ஆகியவற்றில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் உடன்பிறந்த பெண்களிடையே நெருக்கம் மிகுகிறது. கறையானில் இருபாலும் கருவுற்ற முட்டையிலிருந்தே பிறப்பதால் இச்சிறப்புக் காரணம் அதற்குப் பொருந்தாது. எனவே புற்றின் கூட்டுவாழ்வைத் தனியே விளக்கவேண்டிய தேவை அறிவியலாளர்க்கு எழுந்தது.

2. மூவறிவும் கண்ணும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. அவ்வகைப்பாட்டில் சிதலும் எறும்பும் மூவறிவுயிர்கள். ஊறு, சுவை, நாற்றம் என்னும் மூன்றும் அவற்றிற்கு உண்டு. கண்ணும் செவியும் இல்லை என்பது நூற்பாக்களின் வைப்புமுறையால் பெறப்படும்.

எறும்புகள் பலவற்றிற்குக் கண் உண்டு என்பதால் இவ்வகைப்பாடு எறும்புக்கு முழுமையாகப் பொருந்தாது. சிதலுக்கோ பெரிதும் பொருந்துகிறது. ஓடோன்டோடெர்மெசு இனத்தின் வேலைக்கறையானுக்கும் காவற்கறையானுக்கும் கூட்டுக்கண்கள் இல்லை. அவை மணத்தடம் பற்றி வழிநடக்கின்றன, உணர்கொம்பால் தொட்டறிகின்றன, இடர் நேர்கையில் காவற்கறையான்கள் தலையைத் தரையில் மோதி அதிர்வெழுப்புகின்றன. அவ்வதிர்வை மற்றவை கால்களால் உணர்கின்றன. அதுவும் ஊற்றுணர்வே.

அதே புற்றில் பிறக்கும் ஈசலுக்குக் கூட்டுக்கண்கள் உண்டு. மழை நனைத்த மண்ணில் வேலைக்கறையான்கள் வாயில்களைத் திறந்துவிட, காவற்கறையான்கள் சூழ்ந்து நிற்க, ஈசல்கள் கூட்டமாக வெளியேறுகின்றன. ஒளியை நாடிப் பறந்து, தரையிறங்கிச் சிறகுதிர்த்து, ஆணும் பெண்ணும் இணையாக நடந்து மண்ணுள் புகுந்து புதிய குடி தொடங்குகின்றன. பெரும்பாலானவை பறவை, பல்லி, தவளை, எறும்பு ஆகியவற்றிற்கு இரையாகிவிடுகின்றன. ஒரே வேளையில் பெருந்திரளாகப் பறப்பதால் உண்போர் உண்டு தெவிட்டியபின்னும் சில எஞ்சுகின்றன. ஈசலின் வாழ்வு ஒருநாள் என்பது உலக வழக்கு. எஞ்சியவற்றுள் அரசியாகும் ஒன்று பல்லாண்டு வாழ்வதை அவ்வழக்கு கருதவில்லை.

மூவறிவு நூற்பாவில் சிதல் என்ற பெயரே உள்ளது, ஈயல் சுட்டப்படவில்லை. இதைக் கொண்டு கறையானின் உட்பிரிவுகளைத் தொல்காப்பியர் ஆராய்ந்தறிந்தார் என முடிவுகட்டுதல் மிகையாகும். கண்ணில்லாத உயிரைச் சிதல் என்றும் சிறகோடு எழுவதை ஈயல் என்றும் மொழி முன்னரே பிரித்து வைத்திருந்தது. நூற்பா அச்சொல்லாட்சியைப் பின்பற்றியது என்று கொள்வதே சான்றுக்கு உட்பட்டது.

3. சங்க இலக்கியச் சான்றுகள்

புற்றை நாடும் உயிர்கள் இரண்டைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஒன்று கரடி. அகநானூறு 8-ஆம் பாடல் ஈயற்புற்றிலிருந்து குரும்பியை இரையாகக் கொள்ளும் ஆண்கரடியைப் பேசுகிறது. குரும்பி என்பது மேற்குறித்த புற்றாஞ்சோறே. மற்றொன்று மனிதர். புறநானூறு 119-இல் கபிலர், பாரியின் நாட்டு வளத்தைக் கூறுகையில், கார்கால மழைக்குப்பின் செம்புற்று ஈயலை மோரோடு சேர்த்துச் சமைத்த புளிப்புணவைக் குறிக்கிறார். அகநானூறு 394, வரகரிசியோடு ஈயல் பெய்து ஆக்கிய சோற்றை முல்லைநில விருந்தாகக் காட்டுகிறது. இப்பாடல்களில் ஈயலுணவு வறுமையின் குறியாக அன்றி, வளத்தின் குறியாகவும் விருந்தோம்பலின் குறியாகவும் நிற்கிறது.

கரடி புற்றைப் பிளந்து குடியின் உணவைக் கவர்கிறது. மனிதர் உண்பதோ புற்றைவிட்டு எழும் ஈயலை. முன்னது குடியின் அடித்தளத்தைத் தாக்குகிறது. பின்னதில் அரசியும் தோட்டமும் மண்ணுள் நிலைத்திருக்க வாய்ப்புண்டு. அகநானூறு 14-இல் வரும் 'ஈயல் மூதாய்' மழைக்காலத்துச் செந்நிறத் தம்பலப்பூச்சியைக் குறிக்கும் தொடர். ஈயலுணவுச் சான்றுகளோடு அதனைச் சேர்த்தெண்ணுதல் கூடாது.

4. பிடிக்கும் முறைகள்

ஈசல் பிடிக்கும் முறை பற்றிய விரிவான பழம்பதிவு ஒன்று யோகான் கெரார்டு கேனிக் என்பவருடையது. தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய அவர் 1779-இல் கறையான் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதன் செய்தியை 1781-இல் ஹென்றி சுமீத்மன் இலண்டன் அரச கழக வெளியீட்டில் எடுத்துரைத்தார். அதன்படி, புற்றில் காற்று வரும் பக்கம் ஒன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாக இரு துளைகள் இடுவர். எதிர்த்துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். காற்றுப்பக்கத்தில் நாற்றமெழும் பொருள்களைக் கொளுத்துவர். புகைக்கு அஞ்சி ஈசல்கள் பானைக்குள் புகும். சிலபோது நல்லபாம்பும் புகும். பிடித்தவற்றை மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து மலிவாக விற்றனர் என்றும், அளவு மீறி உண்டோர் கடும் வயிற்றுநோய்க்கு ஆளாயினர் என்றும் அப்பதிவு கூறுகிறது. கறிவேப்பிலைக்கு லின்னேயசு இட்ட அறிவியற்பெயரில் கேனிக்கின் பெயரே நிலைபெற்றுள்ளது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வழங்கும் முறை பெரிதும் விளக்கைச் சார்ந்தது. மழை ஓய்ந்தபின் ஈசல் எழும் நிலையிலுள்ள புற்றைக் கண்டறிந்து, அருகே குழிதோண்டியோ பானை புதைத்தோ விளக்கேற்றி வைப்பர். ஒளியை நாடி வரும் ஈசல்கள் அதில் விழும். பின் உலர்த்தி, முறத்தில் புடைத்துச் சிறகு நீக்கி, வறுத்து, அரிசியோடும் பொரியோடும் கலந்து உண்பர். சந்தையில் விற்பதும் உண்டு.

கேனிக் கூறும் முறை நாற்றவுணர்வைப் பயன்படுத்துகிறது. விளக்குமுறை கண்ணுணர்வைப் பயன்படுத்துகிறது. வேலைக்கறையானை விளக்கால் ஈர்க்க இயலாது. கண்ணுடைய பிரிவு எது, அது எப்போது வெளிவரும் என்பதை அறிந்தோர்க்கே இம்முறை கைகூடும். புற்றை உடைக்காமல் காத்திருப்பதால் மறுமழைக்கும் அப்புற்று பயன்தரும்.

5. புற்றும் மனிதச் சமூகமும்

1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிசு, இருளர் செஞ்சி மலைகளைச் சூழ மிகுதியாக வாழ்வதைக் குறித்துள்ளார். அப்பகுதி இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நலிவுற்ற பழங்குடிகளுள் ஒன்றாக அரசால் வகைப்படுத்தப்பட்ட இருளரின் புற்றறிவு, பாம்பு, எலி, ஈசல் ஆகிய மூன்றையும் தழுவியது. தரிசு நிலங்கள் சமன்செய்யப்பட்டு மனைகளாகும்போது புற்றுகளோடு இவ்வறிவு பயிலும் களமும் அழிகிறது.

இங்கு மொழியாக்கம் சார்ந்த ஒன்றைச் சுட்டவேண்டும். புற்றின் பிரிவுகளை ஆங்கில உயிரியல் 'காஸ்ட்' என்கிறது. இந்தியச் சாதியைக் குறிக்கவும் அதே சொல்லே வழங்குகிறது. இதனைத் தமிழில் 'சாதி' என நேர்பெயர்ப்பின், பிறப்பால் தொழில் அமைவது இயற்கை நியதி என்னும் பொருள் தோன்றிவிடும். உண்மை அதற்கு மாறானது. புற்றில் வேலை செய்வதும் காவல் காப்பதும் சிறகு பெறுவதும் ஒரே தாய்தந்தையின் மக்கள்; வேலைக்கறையான் வேலைக்கறையானைப் பெறுவதில்லை. பிரிவு குலவழி வருவதன்று, வளர்ச்சியின் போக்கில் அமைவது. குலவழிச் சாதிக்குப் புற்றில் சான்றில்லை. வில்சனின் 1975-ஆம் ஆண்டு நூல் மனிதரைப் பற்றிய இறுதி இயலால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தமையும் இத்தகைய ஒப்புமைகளின் இடரை உணர்த்துகிறது. எனவே 'பிரிவு' என்னும் சொல்லே உயிரியல் தமிழுக்கு ஏற்றது.

முடிவுரை

* சிதல், ஈயல் என்னும் பெயர் வேறுபாடு கண்ணில்லாப் பிரிவு, கண்ணுடைய பிரிவு என்னும் உயிரியல் வேறுபாட்டோடு பொருந்துகிறது. மூவறிவு வகைப்பாடு முன்னதற்கே உரியது.
* சங்க இலக்கியத்தில் ஈயலுணவு வளத்தின் குறியீடு. அதனை இழிவாகக் காணும் பார்வைக்கு அவ்விலக்கியத்தில் இடமில்லை.
* விழுப்புரம், திண்டிவனம் வட்டார விளக்குமுறை, ஈசலின் புலனியல்பையும் பருவத்தையும் அறிந்து, புற்றின் குடியைக் குலைக்காது அமைந்த நடைமுறை அறிவாகும்.
* புற்றின் பிரிவுகளைச் சாதி எனப் பெயர்த்தல் அறிவியலுக்கும் சமூக நீதிக்கும் பொருந்தாது.

இருளர் வழக்கிலுள்ள புற்றுவகைப் பெயர்களையும் ஈசல்வகைப் பெயர்களையும் அவர்தம் பேச்சுவழக்கிலேயே தொகுத்துப் பதிவு செய்வது இத்துறையில் அடுத்து ஆற்றவேண்டிய பணியாகும்.