பழுப்பு வால் அந்துப்பூச்சி

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சியைக் கண்டதும் "ஐயோ!" என்று அலறி ஓடாதவர் நம்மில் எத்தனை பேர்? ஆனால், ஒரு மாநகரமே கம்பளிப்பூச்சியைக் கண்டு நடுங்கியது என்றால் நம்புவீர்களா, தோழியரே? 1782-ஆம் ஆண்டு இலண்டனில் அவ்வாறு நடந்தது.

அவ்வாண்டு இலண்டனைச் சுற்றியிருந்த வேலிகளிலும் பழத்தோட்டங்களிலும் வெண்ணிறப் பட்டுக்கூடுகள் ஏராளமாகக் காணப்பட்டன. ஒவ்வொரு கூட்டிலும் கூட்டங்கூட்டமாகக் கம்பளிப்பூச்சிகள்! கொள்ளைநோய் வரப்போவதற்கு இதுவே அடையாளம் என்று மக்கள் அஞ்சினர். ஆலயங்களில் மன்றாட்டுகள் நடந்தன. கூடுகளை வெட்டிச் சேர்த்த ஏழைகளுக்குப் புஷல் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்து, கூடுகளை எரித்தனர்.

அப்போது வில்லியம் கர்ட்டிஸ் என்னும் தாவரவியல் அறிஞர் அஞ்சி ஓடவில்லை. அப்பூச்சியின் வாழ்க்கையை உற்றுநோக்கி, மக்களின் பயத்தைப் போக்க அவ்வாண்டே ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

இப்பூச்சியின் அறிவியல் பெயர் யூப்ராக்டிஸ் கிரிசோரியா. இறக்கைகள் பால்போல் வெண்மையானவை. வால் நுனியில் மட்டும் பழுப்பு நிற மயிர்க்கற்றை உண்டு. கோடையில் தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் சுமார் 200 முதல் 400 முட்டைகள் இட்டு, தன் வால் மயிராலேயே அவற்றைப் போர்த்துகிறது. வெளிவரும் புழுக்கள் கிளை நுனியில் இலைகளைப் பட்டு நூலால் பிணைத்துக் கூடு கட்டி, குளிர்காலம் முழுவதும் அதற்குள் ஒன்றாக உறங்குகின்றன. வசந்தத்தில் விழித்து ரோஜா முதலிய புதர்களின் தளிர்களையும், ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி மரங்களின் தளிர்களையும் தின்கின்றன. பின்னர்க் கூட்டுப்புழுவாகி, மீண்டும் கோடையில் அந்துப்பூச்சியாகப் பறக்கின்றன. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்.

இதை அறிந்தால் வழியும் தெரிகிறது. குளிர்காலத்தில் இலையற்ற கிளைகளில் கூடுகள் தெளிவாகத் தெரியும். அப்போதே வெட்டி அழித்துவிடலாம். இலண்டன் ஏழைகளின் உழைப்பு வீணல்ல. கொள்ளைநோய் என்ற பயந்தான் வீண்!

ஆயினும் எச்சரிக்கை தேவை. புழுவின் நச்சு முடிகள் தோலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். காற்றில் கலந்து உள்ளே சென்றால் மூச்சுத்திணறலும் வரலாம். உதிர்ந்த முடிகளிலும் அந்நச்சு நெடுநாள் நீடிக்கும்.

1897-இல் இப்பூச்சி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இதை ஒழிக்க 1906-இல் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்தனர். அந்த ஈயோ அந்நாட்டின் அழகிய பட்டு அந்துப்பூச்சிகளையும் அழிக்கத் தொடங்கியது! அவசரத்தில் செய்த வேலை புதிய துன்பத்தைத் தந்தது.

அன்று இலண்டன் மக்கள் மன்றாடியதில் தவறில்லை. ஆனால், மன்றாடும் உள்ளத்தைத் தந்த இறைவன், பார்க்கக் கண்ணையும் ஆராய அறிவையும் தந்திருக்கிறார் அல்லவா? ஆகவே தோழியரே, இனிக் கம்பளிப்பூச்சியைக் கண்டால் தொடவேண்டாம், அலறவும் வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று, அது எந்த இலையைத் தின்கிறது என்று பாருங்கள். அறிவு அங்கேதான் தொடங்குகிறது.