சாவி கைமாறும் முன்

வீடு காலியானதும் சின்ன வீட்டுக்காரருக்கு வரும் முதல் பயம், அடுத்த மாத வாடகை வராதே என்பதுதான். மேல் போர்ஷன் வாடகையை நம்பி வங்கித் தவணை கட்டுகிறவர்கள் உண்டு. பென்ஷன் இல்லாமல் அந்தப் பணத்தில் மருந்து வாங்குகிறவர்களும் உண்டு. ஆகவே பயம் நியாயமானது. ஆனால் தவறான ஆளுக்கு வீடு போவதும் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். 12,000 ரூபாய் வாடகை வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நஷ்டம் 12,000. வாடகை தராமல் ஒருவர் நான்கு மாதம் இழுத்தடித்தால் 48,000. அதற்கு மேல் கரண்ட் பில் பாக்கி, வக்கீல் செலவு, அலைச்சல், இரவுத் தூக்கம். இரண்டு வாரம் பொறுத்திருந்து விசாரிப்பது எவ்வளவோ மலிவு.

டூலெட் பலகை மாட்டும் முன்பே உங்கள் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மெயின்டனன்ஸ் தனியா, வண்டி நிறுத்த இடம் எத்தனைக்கு, தண்ணீர் போரா மெட்ரோவா, கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, எத்தனை பேர் வரை குடியிருக்கலாம். எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால், வருகிற ஆளைப் பார்த்து நிபந்தனை மாறும். அப்படி மாறும்போது நமக்குப் பிடித்த முகத்துக்குச் சலுகையும் பிடிக்காத முகத்துக்குக் கெடுபிடியும் வந்துவிடும். வாடகையைத் தெருவில் நடக்கும் அளவை விட ஏற்றி வைப்பதும் கெடுதல்தான். நல்ல குடித்தனக்காரருக்கு வேறு வீடு எளிதாகக் கிடைக்கும், அவர் போய்விடுவார். வேறு எங்கும் கிடைக்காதவரே மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார். நம்பகமான ஒருவருக்காக மாதம் 500 ரூபாய் குறைத்தால் பதினொரு மாதத்தில் குறைவது 5,500. அது அரை மாத வாடகைகூட இல்லை.

முதல் வடிகட்டல் போனிலேயே நடக்க வேண்டும். இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஏன் மாறுகிறீர்கள், எத்தனை பேர், யாருக்கு எங்கே வேலை, எப்போது குடிவர வேண்டும். இந்த ஐந்தும் போதும். யார் கூப்பிட்டாலும் இதே கேள்விகள், இதே வரிசை. ஏன் மாறுகிறீர்கள் என்பதற்கு வரும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளி தூரம், ஆபீஸ் மாறியது, ஹவுஸ் ஓனர் மகனுக்குக் கல்யாணம் என்பவையெல்லாம் பின்னால் விசாரித்துச் சரிபார்க்க முடிந்த காரணங்கள். பழைய வீட்டுக்காரர்கள் மூன்று பேருமே மோசம் என்று ஒருவர் சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் நிபந்தனைகளையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒத்துவராதவர் தானாகவே விலகிக்கொள்வார், இருவருக்கும் அலைச்சல் மிச்சம்.

இங்கே கேட்கக் கூடாததைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இன்னும் நம் தெருக்களில் சர்வசாதாரணமாகக் கேட்கப்படுகிறது. நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சொந்த ஊர், குலதெய்வம், சாப்பாடு என்று சுற்றி வளைக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண் தனியாக வந்தால் ஒரு முகம், முஸ்லிம் பெயரைக் கேட்டால் ஒரு முகம், பேச்சிலர் என்றால் கதவே திறப்பதில்லை. இந்தப் பதில்களில் ஒன்றுகூட, ஐந்தாம் தேதி வாடகை வருமா என்று உங்களுக்குச் சொல்லாது. சம்பளமும் நன்னடத்தையும் உள்ள ஒரு குடும்பம், படித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பத்து வாசலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்புவது நம் ஊரின் பெரிய அவமானம். நம் வாசலாவது அதில் ஒன்றாக இருக்கக் கூடாது. சட்டமும் சில இடங்களில் வெளிப்படையாகவே பேசுகிறது. திருநர் என்பதற்காக வாடகை வீட்டை மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கு மறுப்பதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது.

நேரில் வந்து வீடு பார்க்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளையும் கவனியுங்கள். கோடையில் தண்ணீர் எப்படி, மழைக்கு ஒழுகுமா, வாடகை ரசீது தருவீர்களா என்று கேட்கிறவர் நிலைத்து இருக்க நினைக்கிறவர். உங்கள் பான் எண் வேண்டும் என்று சம்பளக்காரர் கேட்டால் பதற வேண்டாம். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கோர அலுவலகத்தில் அதைக் கேட்பார்கள். ரசீது கேட்பவரை, கணக்கில் காட்ட வேண்டியிருக்குமே என்று தட்டிக் கழிக்கிற வீட்டுக்காரர்கள் நல்ல குடித்தனத்தைத் தாங்களே விரட்டுகிறார்கள்.

அடுத்தது காகிதம். ஆதார் நகல் வாங்குவது எல்லோருக்கும் தெரியும், அதைச் சரிபார்ப்பவர்கள்தான் குறைவு. அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்துவிடும். எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஒருவர் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அது முறையானதுதான். வாங்கிய நகலில் எந்த வீட்டுக்காக, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அதைப் படமெடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வீடு முடியாமல் போனவர்களின் நகல்களைக் கிழித்துவிடுங்கள்.

வருமானத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, வாடகை குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. அளவு சரி, ஆனால் முழுமையில்லை. 60,000 சம்பளத்தில் 40,000 கடன் தவணைக்குப் போகிறவரும் இருக்கிறார், 30,000 வருமானத்தில் ஒரு நாள் தவறாமல் வாடகை கொடுக்கிறவரும் இருக்கிறார். சம்பளச் சீட்டை விட எனக்கு நம்பிக்கை தருவது ஒரே ஒரு ஆதாரம்தான்: இப்போதைய வீட்டுக்குக் கடந்த ஆறு மாதம் வாடகை போன தேதிகள். வங்கிக் கணக்கிலோ ஜிபே வரலாற்றிலோ அந்த ஆறு வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள், மற்ற செலவுகள் நமக்கு வேண்டாம். ஆட்டோ ஓட்டுகிறவர், டெய்லர் கடை வைத்திருப்பவர், சமையல் வேலைக்குப் போகிறவர் யாரிடமும் சம்பளச் சீட்டு இருக்காது. இந்த ஆறு வரி இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தவர் என்றால் வாடகை நோட்டு இருக்கும். சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உழைப்பாளிகளைத் திருப்பி அனுப்பினால், வருடக்கணக்கில் தங்கக்கூடிய குடித்தனங்களை இழப்பீர்கள்.

பிறகு பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். இப்போதைய வீட்டுக்காரர் சொல்வதை முழுதாக நம்ப முடியாது. ஆள் போனால் போதும் என்று நினைத்தால் புகழ்வார், போகக் கூடாது என்று நினைத்தால் குறை சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு இரண்டுமே தேவையில்லை. அவர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல மாதிரிதான்" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் இல்லை. வாடகை எத்தனையாம் தேதி வரும்? காலி செய்தபோது அட்வான்ஸில் எதற்குப் பிடித்தீர்கள்? எத்தனை மாதம் முன்னால் சொன்னார்கள்? மறுபடி வந்து கேட்டால் கொடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்குச் சற்றுத் தயங்கினாரானால் ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். நண்பர் ஒருவரை வீட்டுக்காரராகப் பேச வைக்கிறவர்களும் உண்டு. அந்த வீட்டின் வாடகை எவ்வளவு, எந்த மாடி, எந்த மாதம் காலி செய்தார்கள் என்று கேட்டால், பழைய வீட்டுக்காரர் யோசிக்காமல் சொல்வார்.

இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் ஒரு மோசடியைத் தெரிந்துகொள்ளுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், இந்த ஊருக்கு மாற்றல், வீட்டை நேரில் பார்க்க நேரமில்லை, அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன் என்று ஒருவர் பேசுவார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வரும். பிறகு ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் உங்களுக்கு வரும் என்பார். யுபிஐயில் பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. போட்டால் உங்கள் கணக்குக் காலியாகும். வீட்டைப் பார்க்காமல் பணம் தருகிறேன் என்பவருக்கு யாராக இருந்தாலும் வீடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அட்வான்ஸும் ரொக்கம், அக்ரிமென்ட் அப்புறம், இன்று இரவே சாமான் இறக்க வேண்டும் என்பவருக்கும் அதுவே பதில்.

காவல் நிலையத்திலும் ஒரு வேலை உண்டு. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வாடகை வீடு ஒன்றில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்துக்குரிய ஐந்து பேர் போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் வீட்டு உரிமையாளர்கள் குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. உங்கள் பகுதி நிலையத்தில் நடைமுறையைக் கேட்டு, படிவத்தைக் கொடுத்து, பெற்றதற்கான குறிப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் சரிபார்ப்பு வசதியும் உண்டு. இதை எல்லாக் குடித்தனத்துக்கும் செய்ய வேண்டும். வடமாநிலத் தொழிலாளிக்கு மட்டும் செய்வது பாதுகாப்பு ஆகாது.

அக்ரிமென்ட் விஷயத்தில் நம்மிடம் பழைய பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், பதினொரு மாதத்துக்கு எழுதிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். ஆனால் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். இதற்கென அரசு இணையதளமே இருக்கிறது. பதிவு செய்தால் பின்னால் தகராறு வரும்போது உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதை விட்டுத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால்தான் அதற்கு மேல். சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியது போக மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் குடிவரும் பெரியவர்கள் எல்லோர் பெயரும் இருக்கட்டும். உள்வாடகை விடக் கூடாது, வீட்டில் கடையோ கம்பெனியோ நடத்தினால் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று சேருங்கள். வியாபாரத்துக்குப் பயன்பட்டால் மின்கட்டண வகையே மாறிவிடும், அந்த இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. கையெழுத்தும் பணமும் முடிந்த பிறகே சாவி. அன்றைக்கே இருவரும் சேர்ந்து சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, மீட்டர் அளவைப் படம்பிடித்து, இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையைக் கழற்றியதும் இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. வீடு கேட்டுக் காத்திருக்கும் மற்றவர்களுக்குப் போன் செய்யுங்கள். முதல் தேதிக்குள் காலி செய்யச் சொல்லி அவர்களை யாரோ நெருக்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் பதிலுக்காக அவர்கள் இழக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் பெரிது. "வேறு ஒருவருக்கு முடிந்துவிட்டது, மன்னிக்கணும்" என்று அன்றைக்கே சொல்லுங்கள். டோக்கன் வாங்கியிருந்தால் ஒரு ரூபாய் பிடிக்காமல் அதையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.