மாஸ்ட் செல் எங்கிருந்து வருகிறது?

நம்பிக்கை: உடம்பெல்லாம் தடித்து அரித்தால் ரத்தம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

உண்மை: ரத்தத்தில் எந்த அழுக்கும் சேரவில்லை. தோலில், சிறு ரத்தக்குழாய்களை ஒட்டி இருக்கும் மாஸ்ட் செல்களின் வேலை இது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஹிஸ்டமின் அடைத்த துகள்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அவை வெளியே கொட்டியதும் ரத்தக்குழாய் விரிந்து நீர் கசிகிறது, தோல் தடிக்கிறது, நரம்பு நுனிகள் தூண்டப்பட்டு அரிக்கிறது. கசிந்த நீர் வடிந்ததும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், தடிப்பு தடம் தெரியாமல் அமுங்கிவிடும். ரத்தத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கும் டானிக்குகளுக்கு இங்கே வேலையே கிடையாது.

நம்பிக்கை: தோலில் இருப்பதால் மாஸ்ட் செல் தோலிலேயே பிறந்தது.

உண்மை: விஞ்ஞானிகளே ஏறக்குறைய நூறாண்டு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1878இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்தச் செல்லை விவரித்த ஜெர்மானியர் பால் எர்லிக், இணைப்புத் திசுவின் செல்தான் நன்றாகத் தின்று இப்படிக் கொழுத்திருக்கிறது என்று கருதினார். ரத்தத்தில் தேடினாலும் முதிர்ந்த மாஸ்ட் செல் கண்ணில் படாது; எனவே அந்தக் கருத்தை அசைக்க ஆளில்லை.

அசைத்தவர் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த யூகிஹிகோ கிடாமுரா. செல் துகள்கள் இயல்புக்கு மீறிப் பெரிதாக இருக்கும் ஒரு வகை எலி உண்டு. அதன் எலும்பு மஜ்ஜையை எடுத்து, கதிர்வீச்சு கொடுத்த சாதாரண எலிகளுக்கு அவர் குழுவினர் செலுத்தினார்கள். பிறகு அந்த எலிகளின் திசுக்களில் பெருந்துகள் கொண்ட மாஸ்ட் செல்கள் தோன்றின. மஜ்ஜையிலிருந்து வந்தவை என்பதற்கு அந்தத் துகள்களே அடையாளம். இது 1977இல் வெளியானது. அடுத்த ஆண்டில் இன்னும் அழுத்தமான சான்று: வெள்ளை ரோமமும் கறுப்புக் கண்ணும் ரத்தசோகையும் கொண்ட ஓர் எலி வகையின் தோலில், இயல்பான அளவில் நூறில் ஒரு பங்கு மாஸ்ட் செல்கூட இல்லை. நல்ல மஜ்ஜையைச் செலுத்தியதும் அவை பெருகின. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு பழைய கருத்தை முடித்துவைத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மாஸ்ட் செல் பக்குவப்படாத நிலையில் ரத்தத்தில் பயணித்து, திசுவுக்குள் புகுந்த பிறகே முதிர்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் ‘பேசோபில்’ இதுவல்ல; அது மஜ்ஜையிலேயே முதிர்ந்து வெளிவரும் வேறு செல். இதில் பின்னாளில் சேர்ந்த ஒரு திருத்தமும் உண்டு. கருவில் மஜ்ஜை உருவாகும் முன்பே, கருவுணவுப்பையிலிருந்து முதல் மாஸ்ட் செல்கள் கிளம்பிவிடுகின்றன என்று 2018இல் எலிகளில் கண்டார்கள்.

நம்பிக்கை: மாஸ்ட் செல் ஒவ்வாமையைத் தவிர வேறெதற்கும் உதவாது.

உண்மை: தீவிர ஒவ்வாமையில் அது உயிரையே பறிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் மாஸ்ட் செல் இல்லாத எலிகளை வைத்து 1996இல் நடந்த சோதனைகளில், பாக்டீரியாத் தொற்றைச் சமாளிக்க முடியாமல் அவையே அதிகம் மடிந்தன. 2006இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீபன் கேலி குழுவினர் பாம்பு விஷத்தையும் தேனீ விஷத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். மாஸ்ட் செல் உள்ள எலிகளே நன்றாகத் தாக்குப்பிடித்தன. துகள்களில் உள்ள ஒரு நொதி, விஷத்தின் நச்சுப் புரதத்தை வெட்டிவிடுகிறது. இது எலிகளின் கதை. பாம்பு கடித்த மனிதருக்கு விஷமுறிவு மருந்துதான் வழி. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை: எலியின் ரோம நிறத்தை ஆராய்வதால் நோயாளிக்கு லாபமில்லை.

உண்மை: அந்த வெள்ளை எலியில் பழுதானது கிட் என்ற மரபணு என்று 1988இல் தெரிந்தது. நிறமிச் செல், ரத்தச் செல், இனச் செல், மாஸ்ட் செல் ஆகியவை வளர அதன் சமிக்ஞை வேண்டும். குடலை அசைக்க உதவும் ஒரு வகைச் செல்லுக்கும் அதே தேவை. அந்தத் தடத்தைப் பிடித்த செய்இச்சி ஹிரோட்டாவும் கிடாமுராவும், ‘ஜிஸ்ட்’ எனப்படும் இரைப்பை, குடல் கட்டிகளில் கிட் மரபணு ஓயாமல் இயங்கும்படி மாறியிருப்பதை 1998இல் வெளியிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாட்டினிப் மாத்திரை கிட்டையும் தடுக்கும். பரவிய ஜிஸ்ட் கட்டிக்கு வழக்கமான கீமோதெரபி பெரும்பாலும் பலிக்காது. அந்த நோயாளிகளுக்கு இமாட்டினிப் கொடுக்க 2002இல் அமெரிக்கா அனுமதித்தது.